கலந்தால் எத்தனை டிகிரி? வெப்பப் பரிமாற்றக் கணக்குகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

200 கிராம் இரும்புத் துண்டு ஒன்று கொதிநீரில் கிடந்து 100 டிகிரிக்கு வந்துவிட்டது. அதை எடுத்து, 25 டிகிரியில் இருக்கும் 250 கிராம் நீரில் போடுகிறோம். இரண்டும் கடைசியில் எத்தனை டிகிரியில் வந்து நிற்கும்? கணக்குப் போடாமல் ஒரு எண்ணை மனதில் வையுங்கள்.

புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் 50, 55, 60 என்று சொல்வார்கள். நிறை ஏறக்குறைய சமம், ஒன்று 100, மற்றொன்று 25, ஆகவே நடுவில் எங்கோ என்பது அவர்கள் எண்ணம். உண்மையான விடை 31 டிகிரிகூட இல்லை. இரும்பு 69 டிகிரி இறங்குகிறது, நீர் 6 டிகிரிதான் ஏறுகிறது. இந்த ஏற்றத்தாழ்வு ஏன் என்று பிடிபட்டுவிட்டால் பாடத்தின் பாதி முடிந்தது. மீதிப் பாதி, கணக்கை எந்த வரிசையில் எழுதுவது என்பது.

அந்த வரிசையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. "இழந்த வெப்பம் = பெற்ற வெப்பம்" என்று எழுதிவிட்டு, இரு பக்கமும் எண்களைக் கொட்டி, தெரியாத ஒன்றைக் கண்டுபிடி என்றுதான் வழக்கமாகச் சொல்லித் தருகிறார்கள். அந்தச் சமன்பாடு சரியானதுதான். ஆனால் அதிலிருந்து தொடங்குவதுதான் தப்பு. யார் கொடுக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று ஒரு வரவு செலவுக் கணக்கு எழுதிவிட்டால், பல நேரங்களில் சமன்பாட்டுக்கு வேலையே இருக்காது.

முதலில் சில சொற்கள்

வெப்பநிலை என்பது வெப்பநிலைமானி காட்டும் எண். வெப்பம் என்பது ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு, வெப்பநிலை வேறுபாட்டால், கடந்து போகும் ஆற்றல். இரண்டும் வேறு வேறு என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் அவர் செய்த சோதனைகளில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது: உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டி தொடர்ந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறது, வெப்பநிலைமானியோ அசைவதே இல்லை. வெப்பம் உள்ளே போகிறது, வெப்பநிலை ஏறவில்லை என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது.

ஒரு பொருளின் 1 கிராமை 1 டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம் அதன் தன் வெப்ப ஏற்புத்திறன். சுருக்கமாகத் தன்வெப்பம் என்பார்கள்; இங்கே நானும் அப்படியே எழுதுகிறேன். அதை நிறையால் பெருக்கினால் அந்தத் துண்டு முழுவதற்குமான வெப்ப ஏற்புத்திறன் கிடைக்கும், அதாவது அந்தத் துண்டை 1 டிகிரி ஏற்ற எத்தனை ஜூல் வேண்டும் என்பது. நிலை மாறும்போது (உருகும்போது, ஆவியாகும்போது) வெப்பநிலை மாறாமலே ஒரு கிராம் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் தன் உள்ளுறை வெப்பம்.

கையில் வைத்திருக்க வேண்டிய எண்கள் அதிகமில்லை. எல்லாம் கிராம் கணக்கில்:

நீர்: 4.2 ஜூல்
பனிக்கட்டி: 2.1 ஜூல்
அலுமினியம்: 0.90 ஜூல்
இரும்பு: 0.45 ஜூல்
செம்பு: 0.39 ஜூல்
ஈயம்: 0.13 ஜூல்
பனிக்கட்டி உருக: கிராமுக்கு 334 ஜூல்
கொதிநீர் ஆவியாக: கிராமுக்கு 2,260 ஜூல்

பாடநூல்கள் இவற்றைக் கிலோகிராமுக்குக் கொடுக்கும். நீருக்கு 4,200 என்று போட்டிருக்கும். ஆயிரத்தால் வகுத்துவிட்டு, கணக்கு முழுக்கக் கிராமிலேயே இருங்கள். சோதனைக் கூடத்தில் அளப்பதெல்லாம் கிராமில்தான். பாதியில் கிலோவுக்குத் தாவுவதால்தான் விடையில் மூன்று பூஜ்யங்கள் காணாமல் போகின்றன. டிகிரியைப் பற்றிக் கவலை வேண்டாம்: இங்கே வருவதெல்லாம் வெப்பநிலை வேறுபாடு. வேறுபாட்டைப் பொறுத்தவரை 1 செல்சியஸும் 1 கெல்வினும் ஒன்றே. கலோரியில் எண் கொடுத்திருந்தால் 4.18-ஆல் பெருக்கி ஜூலுக்கு மாற்றிவிடுங்கள். உணவுப் பொட்டலங்களில் "கலோரி" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் கிலோகலோரி, அதாவது 1,000 கலோரி. அதைச் சாதாரணக் கலோரியாக எடுத்தால் விடை ஆயிரம் மடங்கு தவறும்.

நீரின் 4.2-ஐ இரும்பின் 0.45-உடன் ஒப்பிடுங்கள். ஒன்பது மடங்குக்கு மேல். ஒரு கிராம் நீரை 1 டிகிரி ஏற்ற, ஒரு கிராம் இரும்பு 9 டிகிரிக்கு மேல் இறங்க வேண்டும். தொடக்கக் கேள்வியில் நம் ஊகம் ஏமாந்தது இங்கேதான்.

கீழ்மட்டத்துக்கு இறக்கு, பொதுவில் சேர், எல்லோரையும் சேர்த்து ஏற்று

நான் பரிந்துரைக்கும் முறை இது. கலக்கப் போகும் பொருள்களில் மிகக் குளிர்ந்தது எந்த வெப்பநிலையில் இருக்கிறதோ, சூடான பொருள்கள் அனைத்தையும் தாளில் அந்த மட்டத்துக்கு இறக்குங்கள். இறங்கும்போது அவை விடும் ஜூல்களையெல்லாம் ஓரிடத்தில் கூட்டி வையுங்கள். இப்போது எல்லாம் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன, நம் கையில் கொஞ்சம் ஆற்றல் இருக்கிறது. அதை எல்லோருக்கும் சேர்த்துச் செலவழித்து எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றுங்கள்.

இரும்புக் கணக்கைப் போடுவோம். இரும்பின் வெப்ப ஏற்புத்திறன் 200 × 0.45 = 90 ஜூல். 100-லிருந்து 25-க்கு இறங்கினால் 75 டிகிரி; விடுவது 90 × 75 = 6,750 ஜூல். இதுதான் கையிருப்பு. நீரின் வெப்ப ஏற்புத்திறன் 250 × 4.2 = 1,050. இரும்பும் சேர்ந்தால் 1,140. இரண்டும் சேர்ந்து ஒரு டிகிரி ஏற 1,140 ஜூல் வேண்டும். நம்மிடம் 6,750 இருக்கிறது. 6,750 ÷ 1,140 = 5.9. ஆக 25 + 5.9 = 30.9 டிகிரி. தெரியாத எண்ணுக்கு எழுத்து வைக்கவில்லை, அடைப்புக்குறி திறக்கவில்லை, எதை எதிலிருந்து கழிப்பது என்ற குழப்பமும் இல்லை.

"நிஜத்தில் இரும்பு 25 டிகிரிக்கு இறங்கவே இல்லையே, இது எப்படிச் சரியாகும்?" என்று யாராவது கேட்டால் அது நல்ல கேள்வி. தொடக்க நிலையும் இறுதி நிலையும் மாறாதவரை, நடுவில் எந்த வழியாகப் போனதாக வைத்துக்கொண்டாலும் மொத்தக் கணக்கு மாறாது. வேதிவினைகளின் வெப்பம் பற்றி 1840-இல் வேதியியலாளர் ஹெஸ் சொன்ன விதிக்கு அடிப்படையும் இதுவே. ஆகவே நமக்கு வசதியான வழியை நாமே தேர்ந்துகொள்ளலாம்.

நீர் இருக்கும் பாத்திரத்தை மறக்கக்கூடாது. அந்த நீர், 100 கிராம் எடையுள்ள செம்புக் கலோரிமீட்டரில் (வெப்பம் அளக்கப் பயன்படும் பாத்திரம்) இருந்தால், அந்தப் பாத்திரமும் 25 டிகிரியிலிருந்து நீரோடு சேர்ந்தே ஏறும். அதன் பங்கு 39 ஜூல். மொத்தம் 1,179 ஆகிறது, ஏற்றம் 5.7, விடை 30.7 டிகிரி. மாற்றம் 0.2 டிகிரிதான். ஆனால் பாத்திரம் கனமாக இருந்து நீர் குறைவாக இருந்தால் இந்தப் பங்கு பெரிதாகும். "கலோரிமீட்டரின் நீர்ச் சமானம் இவ்வளவு கிராம்" என்று வினாவில் இருந்தால் மிரள வேண்டாம். அந்தப் பாத்திரத்துக்குப் பதில் அத்தனை கிராம் நீர் இருப்பதாக வைத்துக்கொள் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

எல்லை போடுவதும் இந்தக் கட்டத்திலேயே. இரும்பு, நீர், பாத்திரம், கலக்கி எல்லாம் எல்லைக்குள். சுற்றியுள்ள காற்றும் மேசையும் வெளியே. எல்லைக்கு வெளியே எதுவும் போகவில்லை, உள்ளே வரவில்லை என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் "இழந்தது = பெற்றது" செல்லுபடியாகும். நிஜத்தில் கொஞ்சம் போகும், கொஞ்சம் வரும். அதைச் சோதனைப் பகுதியில் பார்ப்போம்.

பனிக்கட்டி வந்தால்தான் சிக்கல்

300 கிராம் நீர், 30 டிகிரி. அதில் −10 டிகிரியில் இருக்கும் 100 கிராம் பனிக்கட்டியைப் போடுகிறோம்.

இங்கே கீழ்மட்டமாக 0 டிகிரியை வைத்துக்கொள்வது வசதி. நிலை மாற்றம் நடக்கும் இடம் அதுதான். நீரை 0-க்கு இறக்கினால் 300 × 4.2 × 30 = 37,800 ஜூல் வரவு. இனிச் செலவு, கட்டம் கட்டமாக.

பனிக்கட்டியை −10-லிருந்து 0-க்கு ஏற்ற: 100 × 2.1 × 10 = 2,100. மீதி 35,700.
0 டிகிரியிலேயே முழுவதையும் உருக்க: 100 × 334 = 33,400. மீதி 2,300.

இப்போது 400 கிராம் நீர் 0 டிகிரியில் இருக்கிறது, கையில் 2,300 ஜூல். 400 × 4.2 = 1,680. ஏற்றம் 1.4 டிகிரி. விடை 1.4 டிகிரி, எல்லாம் நீர்.

மொத்தம் 37,800 ஜூலில் உருக்குவதற்கு மட்டும் 33,400 போய்விட்டதைக் கவனியுங்கள். பனிக்கட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஆன செலவு அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நிலை மாற்றம் ஒரு கணக்கில் இருந்தால், அதுதான் மற்ற எல்லாவற்றையும் விழுங்கும்.

இப்போது பனிக்கட்டியை மட்டும் 150 கிராம் ஆக்குவோம். இதே கணக்கைச் சமன்பாட்டில் நேராகப் போட்டு, "எல்லாம் உருகிவிடும்" என்று வைத்துக்கொண்டு விடை கண்டால், இறுதி வெப்பநிலை −8.2 டிகிரி என்று வரும். 450 கிராம் திரவ நீர், −8.2 டிகிரியில்! கால்குலேட்டர் மறுக்காது, தாளும் மறுக்காது. தேர்வில் இதை அப்படியே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்கள் நிறைய.

வரவு செலவுக் கணக்கில் இந்தத் தப்பு நடக்கவே வழியில்லை. வரவு 37,800. பனிக்கட்டியை 0-க்கு ஏற்ற 150 × 2.1 × 10 = 3,150. மீதி 34,650. முழுவதும் உருக 150 × 334 = 50,100 வேண்டும். கையில் அவ்வளவு இல்லை. அப்படியென்றால் கணக்கு அங்கேயே நிற்கிறது: இறுதி வெப்பநிலை 0 டிகிரி. எவ்வளவு உருகியது? 34,650 ÷ 334 = 103.7 கிராம். மீதி 46.3 கிராம் பனிக்கட்டியாகவே மிதக்கும்.

பனிக்கட்டிக் கணக்கு எதுவானாலும் விடை மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: எல்லாம் நீராகி 0-க்கு மேலே, பனியும் நீரும் கலந்து சரியாக 0-இல், அல்லது நீர் எல்லாம் உறைந்து 0-க்குக் கீழே. பனிக்கட்டி மிக அதிகமாகவும் மிகக் குளிர்ந்தும் இருந்தால்தான் மூன்றாவது வரும். இவற்றில் எது என்று தெரிவதற்கு முன்பே சமன்பாடு எழுதுவதால்தான் மேலே பார்த்த −8.2 வருகிறது.

நீராவியின் கணக்கு

200 கிராம் நீர், 20 டிகிரி. அதில் 100 டிகிரி நீராவி 10 கிராம் செலுத்துகிறோம். கீழ்மட்டம் 20. நீராவி 100 டிகிரியிலேயே நீராகும்போது விடுவது 10 × 2,260 = 22,600. அப்படி உண்டான 10 கிராம் நீர் 100-லிருந்து 20-க்கு இறங்கும்போது 42 × 80 = 3,360. கையிருப்பு 25,960. மொத்தம் 210 கிராம் நீர். 882 ஜூலுக்கு ஒரு டிகிரி. ஏற்றம் 29.4. விடை 49.4 டிகிரி.

நீராவிக்குப் பதில் அதே 100 டிகிரியில் 10 கிராம் கொதிநீரை ஊற்றியிருந்தால்? கையிருப்பு வெறும் 3,360, விடை 23.8 டிகிரி. நிறையும் வெப்பநிலையும் ஒன்றுதான், ஆனால் நீராவி ஏறக்குறைய எட்டு மடங்கு ஆற்றலைக் கொடுக்கிறது. கொதிநீர்ச் சூட்டைவிட நீராவிச் சூடு தோலை மோசமாகப் பாதிப்பதற்கு முக்கியக் காரணம் இது. சோதனைக் கூடத்தில் நீராவிக் குழாயின் வாயருகே கையைக் கொண்டுபோக வேண்டாம்.

மேல் எல்லையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீராவி 40 கிராம் என்றால், நீர் 100-ஐத் தொட 200 × 4.2 × 80 = 67,200 ஜூல் போதும். அதற்கு 29.7 கிராம் நீராவி நீரானாலே போதும். மீதி 10.3 கிராம் நீராவியாகவே வெளியேறிவிடும், நீர் 100 டிகிரியில் நிற்கும். இதிலும் சமன்பாட்டை நம்பிப் போனால் 100-ஐத் தாண்டிய ஓர் எண் வந்து நிற்கும்.

நேரம் கேட்டால்

சூடேற்றியின் திறனைக் கொடுத்து எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார்கள். 1,500 வாட் என்றால் நொடிக்கு 1,500 ஜூல். ஒரு லிட்டர் நீரை 25-லிருந்து 100-க்குக் கொண்டுவர 3,15,000 ஜூல். 210 நொடி, அதாவது மூன்றரை நிமிடம். அந்த நீர் முழுவதும் ஆவியாகித் தீர 22,60,000 ஜூல், 25 நிமிடம். இழப்பைக் கணக்கில் எடுக்காத எண்கள் இவை, நிஜத்தில் கூடுதலாகவே ஆகும்.

இயந்திர வேலையும் இதே ஏட்டில் வரவாக எழுதக்கூடியதுதான் என்று காட்டியவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல். 1840-களில், கீழே இறங்கும் எடைகளால் நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். ஏற்றம் மிக மிகச் சிறியது. 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீரின் ஆற்றல் முழுவதும் அந்த நீரைச் சூடாக்கினாலும் கால் டிகிரிகூட ஏறாது. அப்படிப்பட்ட மாற்றத்தை அளந்து, எவ்வளவு வேலை எவ்வளவு வெப்பத்துக்குச் சமம் என்று 1850-இல் அவர் வெளியிட்ட எண் இன்றைய மதிப்பிலிருந்து நூற்றுக்கு ஒன்றுதான் விலகியிருந்தது.

உலோகத்தின் தன்வெப்பத்தை நீங்களே அளப்பது

கலவை முறை என்று பாடநூல் சொல்வது இதைத்தான். வேண்டியவை: தராசு, வெப்பநிலைமானி (0.1 டிகிரி காட்டினால் நல்லது), செம்பு அல்லது அலுமினியக் கலோரிமீட்டர், அதைச் சுற்றி வெப்பக்காப்பு, மூடி, கலக்கி, உலோகத் துண்டைச் சூடாக்கப் பீக்கரில் கொதிநீர், நூல்.

1. உலோகத் துண்டையும், காலிக் கலோரிமீட்டரைக் கலக்கியோடும் எடை போடுங்கள். நீர் ஊற்றி மறுபடியும் எடை போடுங்கள். வித்தியாசம்தான் நீரின் நிறை.

2. உலோகத்தை நூலில் கட்டிக் கொதிநீரில் தொங்கவிடுங்கள். அடியைத் தொடக்கூடாது. சில நிமிடங்கள் பொறுங்கள். மேற்பரப்பு சூடானாலும் உள்ளே சூடேற நேரம் பிடிக்கும். கொதிநீரின் வெப்பநிலையை அளந்து எழுதுங்கள், 100 என்று நீங்களே வைத்துக்கொள்ள வேண்டாம். உயரமான இடங்களில் அது குறைவாக இருக்கும்.

3. கலோரிமீட்டர் நீரின் வெப்பநிலையை, துண்டைப் போடுவதற்குச் சற்று முன்பு குறியுங்கள்.

4. துண்டைத் தூக்கி, ஒரு உதறு உதறி, நீர் தெறிக்காமல் உள்ளே இறக்குங்கள். மூடியைப் போட்டு மெதுவாகக் கலக்குங்கள். கலக்குவதற்குக் கலக்கியைப் பயன்படுத்துங்கள்; வெப்பநிலைமானியால் கிளறினால் குமிழ் உடையும்.

5. வெப்பநிலை ஏறி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும். உச்சத்தைக் குறியுங்கள்.

இப்படி ஒரு சோதனையின் எண்களை எடுத்துக்கொள்வோம். உலோகம் 150 கிராம், 99 டிகிரி. நீர் 200 கிராம். செம்புக் கலோரிமீட்டர் 80 கிராம். தொடக்கம் 26.0, உச்சம் 30.5.

நீரும் பாத்திரமும்: 840 + 31.2 = 871.2 ஜூல், ஒரு டிகிரிக்கு. ஏற்றம் 4.5. வாங்கியது 3,920 ஜூல். உலோகம் இறங்கியது 68.5 டிகிரி. 3,920 ÷ (150 × 68.5) = 0.38. செம்பின் 0.39-க்கு மிக அருகில்.

"ஆகவே இது செம்பு" என்று எழுதிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். பித்தளைக்கும் துத்தநாகத்துக்கும் இதே சுமார் 0.38, 0.39-தான். அவற்றைப் பிரித்துச் சொல்ல இந்தச் சோதனையால் முடியாது. நிறமும் அடர்த்தியும் சொல்லும்.

அதைவிட முக்கியம், இந்த 0.38-ஐ எவ்வளவு நம்பலாம் என்பது. உச்சத்தைப் படிக்கும்போது அரை டிகிரி தவறினால் ஏற்றம் 4.5 என்பது 4.0 ஆகும், அல்லது 5.0 ஆகும். விடை முறையே 0.34, 0.43. ஒரே சோதனை, ஓர் அரை டிகிரி, விடையோ செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் போய்விட்டது. உலோகத்தின் 68.5 டிகிரியில் அரை டிகிரி தவறினால் கவலையில்லை. நீரின் 4.5-இல் தவறினால்தான் கெடுகிறது. அதனால் நீரைக் குறையுங்கள்: துண்டு மூழ்கும் அளவுக்கு 100 கிராம் போதுமென்றால் ஏற்றம் 8 டிகிரிக்கு மேல் கிடைக்கும், அதே பிழையின் தாக்கம் ஏறக்குறைய பாதியாகும். விலை கூடிய கருவி தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

துண்டில் ஒட்டி வரும் கொதிநீர் அடுத்த எதிரி. ஒரே ஒரு கிராம் ஒட்டி வந்தால் அது கொண்டு வரும் ஆற்றல் 4.2 × 68.5 = 288 ஜூல். 3,920-இல் இது நூற்றுக்கு 7. அந்த ஆற்றலையும் உலோகத்தின் பேரில் எழுதிவிடுவோம், விடை கூடிவிடும். அதற்குப் பயந்து துண்டை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தால் காற்றில் அது குளிரும், விடை குறைந்துவிடும். ஒரு உதறு, உடனே உள்ளே என்பதுதான் நடுவழி. உங்கள் விடை அட்டவணை எண்ணைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கம் விலகியது என்பதே எது பிழை என்பதற்குத் துப்பு. "மனிதப் பிழை" என்று பொத்தாம் பொதுவாக ஆய்வேட்டில் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சுற்றுப்புறத்துக்குப் போகும் வெப்பத்தைச் சமாளிக்க ஒரு பழைய உத்தி உண்டு, ரம்ஃபோர்டு என்ற அறிவியலாளரின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். அறை 28 டிகிரி என்றால் நீரை 26-இல் தொடங்குங்கள். முடிவு 30 பக்கம் வரும்படி அளவுகளை அமைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் அறையிலிருந்து கொஞ்சம் வெப்பம் உள்ளே வரும், பின்பாதியில் வெளியே போகும், இரண்டும் ஓரளவு கழிந்துவிடும். மேலே நான் எடுத்த எண்கள் அப்படி அமைந்தவைதான். அதற்காக மிகவும் குளிர்ந்த நீரில் தொடங்க வேண்டாம். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் வியர்த்தால், அங்கே படியும் ஒவ்வொரு கிராம் நீரும் இரண்டாயிரம் ஜூலுக்கு மேல் பாத்திரத்துக்குக் கொடுத்துவிடும். கணக்கில் வராத வரவு அது.

பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பத்தை அளக்கும்போது ஈரம் இதைவிடப் பொல்லாதது. உருகத் தொடங்கிய துண்டை அப்படியே போட்டால் அதன் மேலிருக்கும் நீரையும் பனி என்று எண்ணிவிடுவோம். கிராமுக்கு 334 ஜூல் பொய்க் கணக்கு. ஒற்றுத்தாளில் ஒற்றி உடனே போடுங்கள். பனிக்கட்டியை வைத்தே வெப்பம் அளந்தவர்களும் உண்டு. 1782–83 குளிர்காலத்தில் பிரெஞ்சு அறிவியலாளர்கள் லவாசியேவும் லாப்லாசும், உள்ளே வைத்த பொருள் எவ்வளவு பனியை உருக்குகிறது என்று பார்க்கும் கலோரிமீட்டரைச் செய்தார்கள். அதற்குள் ஒரு கினிப்பன்றியைக்கூட உட்கார வைத்து, அது விடும் வெப்பத்தை உருகிய நீரால் அளந்தார்கள். வெளிக்காற்று பனியை உருக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சுற்றிலும் இன்னொரு பனி உறை வைத்திருந்தார்கள்.

பாத்திரம் என்ன பொருள் என்றே தெரியாவிட்டால்

வெற்றிடக் குடுவையோ நுரைக் குவளையோ என்றால் தன்வெப்பம் தேடி அலைய வேண்டாம், அளந்துவிடலாம். அதில் 25 டிகிரியில் 100 கிராம் நீர் இருக்கட்டும். 65 டிகிரியில் 100 கிராம் நீரை ஊற்றுங்கள். பாத்திரம் எதையும் வாங்காவிட்டால் 45-இல் நிற்க வேண்டும். 44.2-இல் நின்றால்? சுடுநீர் விட்டது 420 × 20.8 = 8,736. குளிர்நீர் வாங்கியது 420 × 19.2 = 8,064. மீதி 672 ஜூலைப் பாத்திரம் 19.2 டிகிரி ஏறும்போது வாங்கியிருக்கிறது. 672 ÷ 19.2 = 35 ஜூல், ஒரு டிகிரிக்கு. இனி எந்தச் சோதனையிலும் பாத்திரத்தின் பேரில் இந்த 35-ஐ எழுதிக்கொள்ளலாம், ஏறத்தாழ அதே அளவு நீர் ஊற்றும்வரை.

போட்டுப் பார்க்க மூன்று

முதலாவது: 0 டிகிரி பனிக்கட்டி 50 கிராம், 80 டிகிரி நீர் 50 கிராம். நீரின் வரவு 16,800, உருக்கும் செலவு 16,700. மிஞ்சுவது 100 ஜூல். விடை 0.2 டிகிரி. 80 டிகிரி நீர் மொத்தமும் தன் சூட்டை இழந்து, சம நிறைப் பனியை உருக்கியதோடு சரி.

இரண்டாவது: 0 டிகிரியில் 100 கிராம் நீரும் 20 கிராம் பனிக்கட்டியும் சேர்ந்து இருக்கின்றன. 200 டிகிரிக்குச் சூடாக்கிய 100 கிராம் அலுமினியத்தை உள்ளே போடுகிறோம். ஆவி எதுவும் வெளியேறவில்லை என்று கொள்க. வரவு 18,000. பனி உருக 6,680. மீதி 11,320. நீர் 120 கிராமும் அலுமினியமும் சேர்ந்து 594. விடை 19.1 டிகிரி. 120 கிராமுக்குப் பதில் 100 கிராம் என்று போட்டவர்கள், உருகிய பனி எங்கே போனது என்று தேடிப் பார்க்கவும்.

மூன்றாவது: 0 டிகிரி பனிக்கட்டி 100 கிராம் மேல் 100 டிகிரி நீராவி 5 கிராம். வரவு 11,300 + 2,100 = 13,400. முழுப் பனியும் உருக 33,400 வேண்டும், கையில் இல்லை. ஆகவே 0 டிகிரி. உருகியது 40.1 கிராம், மீதிப் பனி 59.9 கிராம், பாத்திரத்தில் நீர் 45.1 கிராம், அந்த 5 கிராம் நீராவியும் நீராகி அதற்குள்தான் இருக்கிறது.